மேலே மடிப்புச் சட்டை, உள்ளே கந்தல்! பழைய துணி மூட்டையில் ரூ.14 ஆயிரத்தைப் போட்ட பம்மல் பெண்

அந்தப் பெண்ணுக்கு வயது 46. வீடு பம்மலில். கணவர் இல்லை. மகன் ஒரு மெக்கானிக் கடையில் வேலை பார்க்கிறான். மகள் பிளஸ்-2 படிக்கிறாள்.

வெள்ளிக்கிழமை தோறும் பல்லாவரம் சந்தையில் தார்ப்பாய் விரித்துப் பழைய துணி விற்கிறார். சட்டை, பேண்ட், புடவை, சின்னப் பிள்ளைகளின் கவுன். எல்லாம் யாரோ உடுத்திக் கழித்தவை. துவைத்து, பட்டன் வைத்து, இஸ்திரி போட்டு அடுக்கினால் புதுசு போல இருக்கும்.

2024-ம் ஆண்டு அக்டோபர் 14-ந்தேதி இரவு, அவர் வீட்டு வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. இரண்டு பெரிய கட்டுகள் இறங்கின. சாக்கு ஊசியால் வாயைத் தைத்த கட்டுகள். தீபாவளிக்கு இன்னும் 17 நாள். கையில் இருந்த பணம் முழுவதையும் கொடுத்து அந்த இரண்டு கட்டையும் அவர் வாங்கி இருந்தார்.

ரூ.14 ஆயிரம்!

அது அவருடைய சொந்தப் பணமும் அல்ல. தண்டல் பணம்.

தண்டல்காரர்

தண்டல் என்றால் வாசகர்களுக்குத் தெரியும். பேப்பரில் எழுதுவது ரூ.20 ஆயிரம். கையில் வருவது ரூ.17 ஆயிரம். நாள் ஒன்றுக்கு ரூ.200 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். மழை பெய்தாலும் சரி, சந்தை கூடாவிட்டாலும் சரி, சாயங்காலம் மோட்டார் சைக்கிள் வந்து நிற்கும்.

இந்தத் தொழிலில் விற்பது பெரிய காரியம் இல்லை. சரக்குப் பிடிப்பதுதான் காரியம். ஜவுளிக்கடைக்காரருக்கு ஈரோட்டுக்கோ சூரத்துக்கோ போன் போட்டால் சரக்கு வந்துவிடும். நேற்று எடுத்த அதே ரகம், அதே விலை, பில்லும் உண்டு. பழைய துணிக்கு மில் கிடையாது, பில் கிடையாது. யாராவது ஒரு வீட்டில் பீரோவைத் திறந்து, "இது வேண்டாம்" என்று எடுத்துப் போட்டால்தான் சரக்கு!

பாத்திரக்காரி

அந்தப் பீரோவுக்கும் பல்லாவரம் சந்தைக்கும் நடுவில் முதலில் நிற்பவர் பாத்திரக்காரி. "பழைய துணிக்குப் பாத்திரமே..." என்று தெருவில் குரல் கொடுத்துப் போவாரே, அவர்தான்.

நங்கநல்லூர், ஆதம்பாக்கம், மடிப்பாக்கம் என்று தெருத் தெருவாக நடக்கிறார்கள். தலையில் கூடை. கூடையில் எவர்சில்வர் டபரா, தூக்கு, பிளாஸ்டிக் பக்கெட், டப்பு. வீட்டு அம்மா ஐந்து பேண்ட் கொண்டு வந்து போட்டால் பாத்திரக்காரி ஒரு கிண்ணத்தைக் காட்டுவார். "இன்னும் ரெண்டு காட்டன் புடவை போடும்மா, தூக்கே எடுத்துக்கோ" என்பார். பேரம் அரை மணி நேரம்கூட நடக்கும். கடைசியில் இருவருக்குமே தாம்தான் ஜெயித்தோம் என்று ஒரு திருப்தி!

இப்போது அந்த வழியிலும் கல் விழுந்திருக்கிறது. அடுக்குமாடிக் கட்டிடங்களில் கேட்டிலேயே காவலாளி தடுத்து விடுகிறார். பாதி வீடுகளில் பகலில் ஆளே இல்லை, இருவரும் வேலைக்குப் போகிறார்கள். நல்ல துணிகளை ஆசிரமத்துக்கும் வெள்ள நிவாரணத்துக்கும் கொடுத்து விடுகிறார்கள். அது புண்ணியம்தான். ஆனால் பாத்திரக்காரிக்கு மிஞ்சுவது சாயம் போன பனியனும் எலாஸ்டிக் போன அரை டிராயரும்.

2020-ல் கொரோனா வந்தபோது நிலைமை அடியோடு படுத்தது. அடுத்த வீட்டுக் கதவைத் தொடவே பயந்த நேரம் அது. அடுத்தவர் துணியை யார் தொடுவார்? அந்த ஆண்டு கூடையை இறக்கி வைத்த பாத்திரக்காரிகளில் சிலர் பிறகு வீட்டு வேலைக்குப் போய்விட்டார்கள், திரும்பவே இல்லை.

புளிய மரத்தடி

பாத்திரக்காரிகள் துணியை வீட்டுக்கு எடுத்துப் போவது இல்லை. விடியற்காலையில் ஒரு இடத்தில் கூடிக் கைமாற்றி விடுகிறார்கள். பம்மல் பெண் வழக்கமாகப் போவது ரெயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு புளிய மரத்தடிக்கு. காலை 5 மணிக்கு ஆரம்பித்தால் 7 மணிக்கு அங்கே ஒரு நூல்கூடக் கிடக்காது.

அவர் துணி பார்க்கிற விதமே தனி. சட்டையை எடுத்ததும் காலரை மடக்கிப் பார்க்கிறார். காலர் நைந்து இருந்தால் பரவாயில்லை, தையல்காரர் அதைப் பிரித்துத் திருப்பி வைத்துத் தைத்து விடுவார். அடுத்து அக்குள். அங்கே சாயம் வெளுத்து இருந்தால் அந்தச் சட்டை தேறாது. பேண்ட் என்றால் ஜிப்பும் தொடைச் சந்தும். புடவையை மடிப்போடு பிடித்து லேசாக இழுப்பார். பல வருஷம் பீரோவில் ஒரே மடிப்பில் கிடந்த புடவை, மடிப்பிலேயே விட்டுப் போகும். எதையும் ஒரு தடவை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துத்தான் கீழே வைப்பார். பூச்சி அரித்த ஊசி ஓட்டை அப்போதுதான் தெரியும்.

மஞ்சள் கறை வெயிலில் போனாலும் போகும். துருக்கறை போகவே போகாது. மூக்கில் வைத்துப் பார்ப்பதும் உண்டு. அந்துருண்டை வாசனை அடித்தால் அது பத்திரமாக வைத்திருந்த துணி, அதற்கு இரண்டு ரூபாய் கூடவே கொடுக்கலாம்.

சட்டைக்கு 15 முதல் 25 ரூபாய். ஜீன்ஸ் பேண்ட் 40. காட்டன் புடவை 30. சந்தையில் அதே சட்டை 60-க்கும் 80-க்கும் போகும். ஜீன்ஸ் 120, 150.

பட்டுப் புடவை மட்டும் இந்த மரத்தடிக்கு வருவதே இல்லை. அதற்கு வேறு ஆட்கள். ஜரிகையைச் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் அசல் ஜரிகை. புடவையை எரித்து வெள்ளியை எடுத்து விடுவார்கள். கல்யாணப் புடவை சாம்பலாகி விடும் என்பது, அதை விற்கும் பெண்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

முந்தானையில் முடிச்சு இருந்தால் அவிழ்த்துப் பார்ப்பது பழக்கம். 2018-ல் ஒரு சுங்குடிப் புடவை முடிச்சில் இரண்டு ஐந்நூறு ரூபாய் நோட்டு இருந்தது. பழைய நோட்டு. 2016 நவம்பரிலேயே செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. யாரோ ஒரு கிழவி மறந்து வைத்த பணம். அதை இன்னமும் தன் கணக்கு நோட்டுக்குள் வைத்து இருக்கிறார்.

யார் வாங்குகிறார்கள்?

சந்தையில் வந்து பார்த்தால் தெரியும். சாரம் கட்டும் தொழிலாளி, பெயிண்டர், இரவுக் காவலாளி. பீகாரிலும் ஒடிசாவிலும் இருந்து வந்து கட்டிட வேலை பார்க்கும் பையன்கள்தான் பாதிக் கூட்டம். அவர்களுக்காகவே இந்த அம்மாள் "பச்சாஸ், சாட், அஸ்ஸி" என்று எண்ணப் பழகிக் கொண்டார். அவர்களுக்கு வேண்டியது முழுக்கைச் சட்டை. வெயிலும் சிமெண்டும் கையில் படக்கூடாது. வெள்ளைச் சட்டை எவ்வளவு மினுக்கினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரே நாளில் அழுக்காகி விடுமே!

இன்னொரு வகையினரும் உண்டு. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கும் அம்மாக்கள். நைந்து மெத்தென்று ஆன காட்டன் புடவை, பழைய வேட்டி தேடி வருவார்கள். தூளி கட்டவும், பிறந்த பிள்ளையைச் சுற்றவும் புதுத் துணி உறுத்தும். அந்தப் புடவைக்குப் பேரம் பேசுவது இல்லை.

சிலர் விலையைக் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இது செத்தவங்க துணி இல்லையே?" என்பார்கள். அவர் சத்தியம் செய்வது இல்லை. "வீட்டுத் துணிம்மா, பாத்திரத்துக்குப் போட்டது" என்பார், அவ்வளவுதான். சுடுகாட்டுப் பக்கம் வரும் துணியை அவர் தொடுவதில்லை. ஆனால், செத்தவர் துணியை வீட்டுக்காரர்களே எடுத்துப் பாத்திரத்துக்குப் போட்டால் யாருக்குத் தெரியும்?

தீபாவளி ஆசை

இனி அந்த இரண்டு கட்டுக்கு வருவோம்.

மரத்தடியில் பொறுக்கினால் நாளைக்கு 25, 30 உருப்படி தேறும். சாதாரண வெள்ளிக்கிழமைக்கு அது போதும். தீபாவளிக்குப் போதாது. பண்டிகைக்கு முந்திய இரண்டு வெள்ளிக்கிழமையில் விற்பதுதான் அவருக்கு மூன்று மாசச் சாப்பாடு. ஆனால் வீடுகளில் பீரோ காலியாவது பண்டிகைக்குப் பிறகுதான். புதுசு வந்த பிறகுதானே பழசு வெளியே வரும்? தீபாவளி முடிந்தும், பொங்கல் முடிந்தும் மூட்டை மூட்டையாக வரும். போகியன்று நெருப்பில் போட்டதும், மாநகராட்சி வண்டியில் கொடுத்ததும் போக மிச்சம் எல்லாம் கூடைக்குத்தான். விற்கிற காலத்தில் சரக்கு இல்லை, சரக்கு வருகிற காலத்தில் விற்பனை இல்லை.

இந்த இடைவெளியில்தான் 'கட்டு' வியாபாரி நுழைகிறார்.

அவர் மொத்தமாக வாங்கிக் கிடங்கில் தேக்கி வைப்பவர். அங்கே தரம் பிரிப்பார்கள். உடுத்தக்கூடியது ஒரு பக்கம். கிழிந்த காட்டன், பனியன் எல்லாம் ஒர்க்‌ஷாப்புக்கும் லேத்துப் பட்டறைக்கும் துடைக்கிற 'வேஸ்ட்' துணியாகக் கிலோ கணக்கில் போகும். கம்பளித் துணி என்றால் அரியானா மாநிலம் பானிபட்டுக்கு லாரி ஏறும். அங்கே அதை நார் நாராகக் கிழித்து நூலாக்கிப் போர்வை நெய்கிறார்கள். வெள்ள நிவாரணத்துக்குக் கொடுக்கும் மலிவுப் போர்வைகளில் அந்த ரகம் உண்டு.

'பாரின் கட்டு' என்று ஒன்றையும் காட்டுவார்கள். தடித் தடியாகக் கோட்டு, ஜாக்கெட். உடுத்திய துணியை வெளிநாட்டில் இருந்து இறக்குமதி செய்ய மத்திய அரசின் லைசென்சு வேண்டும். கந்தல் என்று சொல்லிக் கொண்டு வருவதானால், திரும்ப உடுத்த முடியாதபடி வெட்டிக் கிழித்துத்தான் கொண்டு வரவேண்டும். முழுக் கோட்டு முழுசாக வந்தால் அது எந்த வழியாக வந்தது என்று ஒரு கேள்வி இருக்கிறது. பம்மல் பெண் அந்தப் பக்கம் போனதில்லை. "நம்ம ஊர் வெயிலுக்கு கோட்டு வாங்கி இன்னா செய்றது?" என்பது அவர் நியாயம்.

கிடங்கில் அன்று நடந்தது இதுதான். ஒரு கட்டின் வாயை இரண்டு முழம் பிரித்துக் காட்டினார்கள். மேலே வரிசையாக இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைகள். பாதி வெள்ளை. கையை உள்ளே விட்டுப் பார்த்தார். பேண்ட் துணி தட்டுப்பட்டது. "ஒரு கட்டுல 200 உருப்படி. ரூ.7 ஆயிரம். உருப்படி 35 ரூபாய்தான் விழுது. அக்காவுக்காகத்தான் இந்த விலை. நாளைக்கு வந்தா இருக்காது" என்றார் வியாபாரி.

பணத்தை எண்ணிக் கொடுத்தார்.

மூன்று நாள் மழை

14-ந்தேதி இரவு கட்டு வந்தது. 15, 16-ந்தேதிகளில் சென்னையில் அடைமழை. பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். பம்மல் வீட்டுக்குள் கால் வைக்கும் அளவுக்குத் தண்ணீர். கட்டுகளைக் கட்டில் மேல் ஏற்றி, மூன்று பேரும் ராத்திரி முழுக்கத் தரையில் தண்ணீரை இறைத்தார்கள். பிரித்துப் பார்க்க நேரமும் இல்லை, இடமும் இல்லை.

17-ந்தேதி காலையில் மழை விட்டது. மகன் பிளேடால் சாக்குத் தையலை அறுத்தான்.

மேல் வரிசைச் சட்டைகள் வந்தன. அதற்குக் கீழே கொஞ்சம் பேண்ட். அதற்கும் கீழே... கை போகப் போக கந்தல்! ஒற்றைக் கை போன சட்டை. பாதியாகக் கிழித்த லுங்கி. ஜன்னல் திரை. நடுவில் எடைக்காகத் திணித்த ஈரச் சாக்கு. இரண்டாவது கட்டு இன்னும் மோசம். பெண் அப்படியே தரையில் உட்கார்ந்து விட்டார். மகள்தான் ஒவ்வொன்றாக எண்ணி நோட்டில் எழுதினாள்.

நல்லது 74. தைத்தால் தேறும் என்று 50. மற்றதெல்லாம் வேஸ்ட்.

வியாபாரிக்குப் போன் போட்டார். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாம் தடவை எடுத்து, "கட்டு வாங்கினா கட்டுதான். திருப்பி எடுக்கிற வழக்கம் இல்ல. மழைல நனைய விட்டுட்டு என்னைக் கேட்டா எப்படி?" என்றார். அதன் பிறகு அந்த நம்பர் 'சுவிட்ச் ஆப்'!

ஆஸ்பத்திரி முத்திரை

கதை அதோடு முடியவில்லை. இரண்டாவது கட்டின் அடியில் 11 வெள்ளைப் படுக்கை விரிப்புகள் கிடந்தன. கிழியாதவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் நீல மையில் ஒரு ஆஸ்பத்திரியின் முத்திரை.

காட்டன் விரிப்பு. பெயிண்டர்கள் கொத்திக் கொண்டு போவார்கள். ஒன்று 70 ரூபாய்க்குத் தாராளமாகப் போகும். அந்த நேரத்தில் 770 ரூபாய் என்பது கிட்டத்தட்ட நான்கு நாள் தண்டல்.

மகன், "முத்திரையை வெட்டிட்டு வித்துடலாம்மா" என்றான்.

தாய் யோசித்தார். கழித்து ஏலம் விட்ட விரிப்பாக இருக்கலாம். யாராவது வார்டில் இருந்து சுருட்டியதாகவும் இருக்கலாம். கொடியில் காயும் துணியில் இருந்து குடோன் பேல் வரை, திருடிய துணி கைமாறுவது இந்த மாதிரிக் கட்டுகளுக்குள்தான் என்பது போலீசாருக்குப் பழைய பாடம். முன்பெல்லாம் சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி போடுவார்கள். எத்தனை துவைத்தாலும் போகாது. அந்தக் குறியை வைத்தே துணிக்கு உடையவரைப் போலீசார் கண்டுபிடித்த காலம் உண்டு. இன்று சட்டையில் குறி இல்லை. யார் சட்டை என்று சட்டையைப் படைத்தவனுக்கே தெரியாது.

ஆனால் சட்டம் இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நினைக்கக் காரணம் இருந்தோ ஒருவர் வாங்கி வைத்தால், 3 ஆண்டு வரை ஜெயில். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 411-வது பிரிவு. 2024 ஜூலை 1-ந்தேதியில் இருந்து பாரதிய நியாய சன்ஹிதாவில் 317-வது பிரிவு. முத்திரையை வெட்டி எறிந்தால், 'தெரியாமல் வாங்கினேன்' என்று சொல்லும் வாயையும் சேர்த்து வெட்டியதாகும்.

இதெல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. பயம்தான் தெரியும். 11 விரிப்பையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போனார்.

அங்கே ஒரு ஏட்டு, "பில் இருக்காம்மா?" என்று கேட்டார்.

பில் எங்கே இருக்கும்? நோட்டுதான் இருந்தது. என்றைக்கு, யாரிடம், எத்தனை உருப்படி, என்ன விலை என்று மகள் கையெழுத்தில் எழுதிய நாற்பது பக்க நோட்டு. ஏட்டு அதைப் புரட்டிப் பார்த்தார். விரிப்புகளை வாங்கிக் கொண்டு, எழுதிக் கையெழுத்து வாங்கினார். "இந்த நோட்டைத் தொலைச்சிடாதே. உன்னைக் காப்பாத்துறது இதுதான்" என்றார்.

பணம் போனதற்குப் புகார்? ரசீது இல்லை, சாட்சி இல்லை, வியாபாரியின் முழுப் பெயர்கூட அவருக்குத் தெரியாது. வீட்டுக்குத் திரும்பினார்.

நோட்டு சொல்லும் கணக்கு

18-ந்தேதியும் 25-ந்தேதியும் இரண்டு சந்தை. நல்ல 74 உருப்படி சராசரி ரூ.80 வீதம் ரூ.5,920-க்குப் போயின. வெள்ளைச் சட்டையை ஓட்டல் சர்வர்களுக்கும் காவலாளிகளுக்கும் கெஞ்சி விற்றார். தைத்த 50 உருப்படி ரூ.40 வீதம் ரூ.2 ஆயிரம். மிச்சக் கந்தல் எடை போட்டதில் 70 கிலோ. கிலோ ரூ.18-க்கு ரூ.1,260.

ஆக வரவு ரூ.9,180. தையல், சோப்பு, கரி, ஆட்டோ வகையில் செலவு ரூ.900. போட்ட பதினாலாயிரத்தில் ரூ.5,720 காணாமல் போயிற்று. தண்டலுக்குப் பிடித்த ரூ.3 ஆயிரத்தைச் சேர்த்தால் ரூ.8,720.

காதில் இருந்த கம்மல் அடகுக் கடைக்குப் போனது. அந்தத் தீபாவளிக்கு மகள் உடுத்தியது, அந்த 74-ல் இருந்து ஒதுக்கி வைத்த ஒரு சுடிதார். அதையும் நோட்டில் எழுதி, ரூ.80 என்று வரவு வைத்து இருக்கிறாள் பெண்!

தண்டல் மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. 2025 ஜனவரியில் நூறாவது நாள் கட்டி முடித்தார். அதற்குள் பொங்கல் வந்துவிட்டது. பீரோக்கள் திறந்தன. புளிய மரத்தடியில் சரக்கு குவிந்தது. கடன் வாங்காமல், கையில் இருந்ததற்கு மட்டும் பொறுக்கி எடுத்துக் கழுவிக் காயப்போட்டு, பிளாஸ்டிக் தாளில் சுற்றிப் பரணில் ஏற்றி வைக்க ஆரம்பித்தார். ஏழெட்டு மாசம் பணம் முடங்கித்தான் கிடக்கும். எலி வரும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். இருந்தாலும் தீபாவளிக்குத் தன் சரக்குத் தன் வீட்டிலேயே இருக்கும்.

"கொட்டுப்பா!"

2025 தீபாவளி அக்டோபர் 20-ந்தேதி வந்தது. அதற்குப் பத்து நாள் முன்பு, வேறு ஒரு ஆள் ஆட்டோவில் ஒரு கட்டோடு வந்து இறங்கினான். அதே சாக்குத் தையல். அதே பேச்சு. வாயைக் கொஞ்சம் பிரித்து, மேலே இருந்த வெள்ளைச் சட்டையைக் காட்டினான்.

பெண் பதில் சொல்லவில்லை. தார்ப்பாயைத் தெருவில் விரித்தார்.

"கொட்டுப்பா."

"என்னக்கா, கட்டைப் பிரிச்சா நான் எப்படி வேற இடத்துல விக்கிறது?"

"அப்போ எடுத்துட்டுப் போ."

அவன் ஆட்டோக்காரரைப் பார்த்தான். வெயிட்டிங் ஏறிக்கொண்டு இருந்தது. முனகிக் கொண்டே தையலைப் பிரித்துக் கொட்டினான். பெண்ணும் மகளும் எதிரெதிரே குந்தி உட்கார்ந்தார்கள். காலர், அக்குள், ஜிப்பு, வெளிச்சம். ஒரு மணி நேரம். உருப்படி ரூ.30 என்று பேசி 63 உருப்படி எடுத்தார்கள். ரூ.1,890. மகள் ஆட்டோ நம்பரையும் சேர்த்து நோட்டில் எழுதினாள். அவனிடம் கையெழுத்தும் வாங்கினாள்.

வெள்ளைச் சட்டைகளை அவர்கள் எடுக்கவில்லை.

அவன் மிச்சத்தை வாரிச் சாக்கில் திணித்தான். கந்தலைக் கீழே அழுத்தி, அந்த வெள்ளைச் சட்டைகளை மட்டும் தனியாக மடித்து, மேல் வரிசையில் அடுக்கினான். சாக்கு ஊசியை எடுத்து வாயைத் தைத்தான். ஆட்டோ தாம்பரம் பக்கம் போனது.